யாரும் கத்தவில்லை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, பக்கத்தில் ஒருவருமில்லாத கம்ப்யூட்டர் தானாக ‘டிடிங்’ என்றது.

முகத்தில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததா என்ன. மெஷினில் புதிதாக ஒரு சாமானைச் செருகினால் வரும் சத்தம். இரண்டு சுரம், இரண்டாவது சற்று மேலே. பிடுங்கினால் அதே இரண்டும் தலைகீழாக இறங்கும். பதினெட்டு வருடமாக ஒரு பெரிய அலுவலகத்தின் முன்னூற்றுப் பத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அங்கே அவரை ‘டாக்டர்’ என்பார்கள். அதில் பாதி கேலி என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“மைனா, என்னத்தடி சொருகுன?” என்றார் செய்தித்தாளுக்குள்ளிருந்து.

உள்ளறையிலிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. பத்து வயது மகளுக்கு எந்தப் பதிலுமே சற்று நேரம் எடுக்கும்.

“நா... நான் இங்கதாம்ப்பா இருக்கேன். ஒண்ணும் தொ... தொ...”

“தொடல. சரி.”

எப்போதும் அவர்தான் முடித்துவைப்பார். மனிதருக்கு அவ்வளவு அவசரம். எங்கே போவதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. காயாத துணிகளின் புழுங்கல் வாடை ஹாலில் தங்கியிருந்தது. மனைவி ஒரு மூலையில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்; பெட்டி ஈரத்தில் பட்டுச் சுர்ரென்று சீறும்போதெல்லாம் அது தனக்கான பதில் என்று அவருக்குத் தோன்றும். உள்ளறையில் மகள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு நல்ல பள்ளியின் ஆசிரியைகள் மூன்று பேர் கேமரா வழியாக அவளைப் பார்க்கப்போகிறார்கள். கடலைப் பற்றி ஒரே ஒரு பத்தி, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இடம். இப்போதைய பள்ளியில் அவள் வாயைத் திறந்தாலே நாற்பது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மதிய இடைவேளையில் படிக்கட்டுக்குக் கீழே போய்த் தனியாகச் சாப்பிடுகிறாள் என்பதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரோ ஒரு வாரமாகக் கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது.

“முன்னூறு மெஷினுக்கு டாக்டரு,” என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வதுபோல. “வீட்டு மெஷின் மட்டும் தர்மாஸ்பத்திரி வராண்டாவுல கெடக்கு.”

“உன் தம்பி கைவெச்ச மெஷின் அது. பிரேதப் பரிசோதனைதான் பண்ணணும்.”

மச்சினன் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். எல்லா டிரைவரும் ஒரே மூட்டையில் இலவசம் என்று எங்கிருந்தோ எதையோ இறக்கிவிட்டுப் போனவன் அவன்தான். டிரைவர் என்பது வேறொன்றுமில்லை, மெஷினுக்கும் அதில் செருகிய சாமானுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் துபாஷி. துபாஷி சரியில்லை என்றால் கேமரா இருந்தும் குருடு, ஸ்பீக்கர் இருந்தும் ஊமை. மச்சினன் கொண்டுவந்தவர்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத துபாஷிகள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையில் மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கர் ‘டொங்’ என்று குரைத்தது. ஸ்பீக்கரின் திருகைப் பிடித்து இடப்பக்கம் கடைசிவரை திருகினார். சத்தம் அடங்கியது. சத்தம் போட்டுக் கவனம் கேட்கும் எதன்மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. அலுவலகத்தில் போனில் அழுகிறவர்களிடமும் அப்படித்தான். ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு நகம் வெட்டுவார்.

வேலை என்று உட்கார்ந்தால் ஆள் கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மச்சினனின் மூட்டையைத் துடைத்தெறிந்தார். கேமராவுக்கும் மைக்குக்கும் உரிய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஆறு முறை அது மறுத்தது, ஏழாவது முறை ஒப்புக்கொண்டது. கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது.

“மைனா, வா. சொல்லிக் காட்டு.”

மகள் வந்து கேமரா முன்னால் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கடலுக்கு அடியில் வெ... வெ... வெ...”

“வெளிச்சம்.”

“வெ... வெ...”

“வெளிச்சம். வெளிச்சம். அஞ்செழுத்து. இதுல என்ன இருக்கு?”

மகள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சீறியது. கம்ப்யூட்டர் ஆறு முறை திக்கினால் காத்திருக்கத் தெரிந்த மனிதர் அவர். அந்தக் கணக்கு அவருக்கே உறைத்தது. உறைத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கீபோர்டைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் எதையாவது துடைப்பது அவர் வழக்கம்.

“சரி, போய் இன்னும் நாலு தடவ சொல்லிப் பாரு.”

அவள் போகவில்லை. “அ... அப்பா. ரூம்ல யாரோ கூடவே சொல்றாங்க.”

“யாரு?”

“தெ... தெரியல. கொஞ்ச நேரமாத்தான். நான் சொல்லச் சொல்ல அதுவும் சொல்லுது. நான் நி... நின்னுட்டா அது நிக்காம போகுது.”

“எதிரொலி. மழைக்கு ஜன்னல் சாத்திருக்குல்ல, அதான்.”

“எதிரொலி பி... பின்னாடிதான வரும்?”

“போடி, பெரிய விஞ்ஞானி.”

அவள் போனாள். உள்ளறை வாசலில் ஒரு கணம் தயங்கி, முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நுழைந்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மெஷினில் இருக்கும் சாமான்களின் பட்டியலைத் திறந்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது, அடியில் இரண்டைத் தவிர. இரண்டுக்கும் பெயரில்லை. ‘அன்னோன் டிவைஸ்’ என்று மட்டும் போட்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்ற இடம் காலி. செய்தவர் யார் என்ற இடமும் காலி. முதலில் இணைக்கப்பட்ட நேரம் மட்டும் இருந்தது.

ஒன்றில், இன்று பிற்பகல் மூன்று நாற்பது.

மற்றதில் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி, விடியற்காலை நேரம்.

“மெஷின் வாங்கி நாலு வருஷம் ஆகுது,” என்று சிரித்தார். “இது பத்து வருஷமா செருகிக் கெடக்காம். உன் தம்பி கைராசியே கைராசி.”

அந்தத் தேதியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஏதாவது பழைய டிரைவரின் தேதியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். தேதிகள் அவர் மண்டையில் தங்குவதில்லை. கல்யாண நாளை மனைவி ஞாபகப்படுத்துவதை விட்டே ஆறு வருடம் ஆகிறது.

அவர் மேஜைக்கு அடியில் குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். தூசியும் ஒரு செத்த பல்லியும் இருந்தன. கூடுதலாக எதுவும் செருகியிருக்கவில்லை. குனிந்தபடியே இருந்தபோது உள்ளறையிலிருந்து மகளின் ஒப்பிப்பு தரை வழியாக வருவதுபோல் கேட்டது. அவள் ‘வெ’ என்று நின்றாள். அந்த நிற்றலுக்குள், மழைக்கும் இஸ்திரிச் சீறலுக்கும் அடியில், யாரோ மெல்லிய குரலில் ‘வெளிச்சம் போகாத இடங்கள் உண்டு’ என்று சொல்லி முடித்ததுபோல் இருந்தது.

எழுந்தபோது மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது. எதிரொலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஒரு முறைக்கு இரண்டு முறை.

மூன்று நாற்பதைச் சேர்ந்ததைத் தட்டினார். டிரைவர் கைவசம் இருக்கிறது, போடட்டுமா என்று மெஷின் கேட்டது. யார் கொடுத்த டிரைவர் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருவன் இப்படிக் கேட்காமல் ‘ஆம்’ அழுத்தியிருந்தால் அவனை மதியச் சாப்பாடு வரைக்கும் வைத்துத் திட்டியிருப்பார். தன் வீடு என்பதால் அழுத்தினார்.

திரையில் ஒரு வரி எழுந்தது. இந்தச் சாதனத்துக்குப் போதிய இடம் இல்லை. இது இயங்க வேண்டுமானால் மற்றொன்றை நிறுத்த வேண்டும்.

இது பழைய பல்லவி. இரண்டு சாமான் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் மெஷின் இப்படித்தான் சொல்லும். எதை நிறுத்துவது என்பதற்கு அவர் தொழிலில் ஒரு முறை உண்டு, அதில் அவருக்குத் தனிப் பெருமை.

“எது எதுக்குன்னே தெரியாத சாமான் இருந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?” என்றார், கேட்க விரும்பாத மனைவியிடம். “நிறுத்திருவோம். நிறுத்திட்டு உக்காந்துருவோம். யாருக்காவது தேவைன்னா கத்துவாங்க. கத்துனா திரும்பப் போட்டுக்கலாம். யாரும் கத்தலன்னா அது வேண்டாத சாமான்.”

“அந்த வாட்ச்மேன் கத்தல?”

அவருக்கு முகம் சுருங்கியது. போன வருடம் ஒரு பழைய ஒயரை இந்த முறைப்படி பிடுங்கினார். யாரும் கத்தவில்லை. சாயங்காலம் பார்த்தால், அடித்தளத்தில் பழைய காகிதங்கள் வைக்கும் அறையின் கதவு பூட்டிக்கொண்டு, உள்ளே காவலாளி ஆறு மணி நேரமாகக் கிடந்தார். அவர் கத்தாமல் இல்லை, தொண்டை கிழியக் கத்தியிருந்தார். அந்த அறையிலிருந்து வெளியே பேசுவதற்கு இருந்த ஒரே ஒயர், டாக்டர் பிடுங்கிய அந்த ஒயர்தான். தூக்கிக்கொண்டு வரும்போது காவலாளி குரலே இல்லாமல் இவரைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார். அலுவலகம் ஒரு மாதம் சிரித்தது. இவரும் கூடச் சிரித்தார், வேறு வழி.

“அது வேற,” என்றார். பத்து வருடத்துப் பழசைத் தேர்ந்தெடுத்து, நிறுத்து என்பதை அழுத்தினார்.

திருகு அடங்கிக் கிடந்ததால் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. உள்ளறையில் மகள் ‘வெ... வெ...’ என்று நின்றிருந்தாள். அந்த ‘வெ’ பாதியில் அறுந்தது.

மழை. இஸ்திரிப் பெட்டி. மெஷினின் விசிறி.

பிறகு உள்ளறையிலிருந்து தெளிவாக, நிதானமாக, மணி அடித்ததுபோல வந்தது.

“கடலுக்கு அடியில் வெளிச்சம் போகாத இடங்கள் உண்டு. அங்கே வாழும் உயிர்கள் தாமே விளக்கேந்தி வருகின்றன.”

மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் நாற்காலியில் அப்படியே திரும்பினார். இருவரும் கல்யாணமான புதிதில் பார்த்துக்கொண்டதுபோல் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடத்தில் முதல்முறையாக, எங்கும் நிற்காமல் இரண்டு நீள வாக்கியங்கள். மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவருக்கும் மூக்கு அடைத்தது, கீபோர்டைத் துடைத்தார்.

“பாத்தியா. ரெண்டு அதட்டு அதட்டுனா வந்துருது,” என்றார். சொன்ன குரலில் அதட்டல் இல்லை.

உள்ளே மறுபடி தொடங்கியது. கடலுக்கு அடியில். மறுபடி. மறுபடி. நான்காவது முறையில்தான் அவருக்கு ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஒரே வேகம். ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு இழுக்கும் சத்தமே இல்லை.

“மைனா,” என்று கூப்பிட்டார்.

“என்ன டாக்டர்?”

பதில் உடனே வந்தது. அவர் வாய் மூடுவதற்குள் வந்தது.

மனைவி சிரித்தாள். “வாயப் பாரேன். நான் சொல்றதக் கேட்டுக் கேட்டு.” இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கிக்கொண்டு, மகளை உச்சிமுகர உள்ளறைக்குப் போனாள். “என் தங்கம், இன்னொருக்கா சொல்லு” என்பதும், பிறகு அந்தக் குரலும் கேட்டன.

அவர் சிரிக்க நினைத்தார். உதடு விரியவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பார்த்தால் தீர்ந்தது, கால் எழவில்லை. பிள்ளை நன்றாகப் பேசுகிறது என்று பயப்படும் தகப்பனை உலகம் பார்த்திருக்கிறதா என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டார். ஹாலில் விளக்குப் போடாமலே இருட்டிவிட்டிருந்தது. ஈரத் துணி வாடையோடு, சூடான தூசியின் வாடை மெஷினிலிருந்து வந்தது. திரை வெளிச்சத்தில், கீபோர்டுக்குப் பக்கத்தில், நாளைக்கான பள்ளிப் படிவம் கிடந்தது. மனைவியின் குண்டுக் கையெழுத்து. பெயர். தகப்பன் பெயர். பிறந்த தேதி.

பிறந்த தேதி.

அவர் திரையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி திரை.

விடியற்காலை. ஆஸ்பத்திரி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். நர்ஸ் வந்து தட்டி எழுப்பி, பொண்ணு, நல்லா கத்துச்சு, கேக்கலையா என்று கேட்டாள். அதனால்தான் மைனா என்று பெயர் வைத்ததே.

பட்டியலில் மூன்று நாற்பதுக்குப் பக்கத்தில் இப்போது மஞ்சள் முக்கோணம் இல்லை. ‘அன்னோன்’ என்பதும் இல்லை. அந்த இடத்தில் ‘மைனா’ என்று இருந்தது. சாதனம் சரியாக இயங்குகிறது.

அதற்கு மேலே, அந்தத் தேதிக்குரியது, சாம்பல் நிறத்தில், நிறுத்தப்பட்டுக் கிடந்தது.

இயக்கு என்பதை அழுத்தினார்.

போதிய இடம் இல்லை.

அழுத்தினார்.

போதிய இடம் இல்லை.

ஏழு முறை. எட்டு. பதினைந்து. அவர் விரல் திக்கியது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடுகள் கண்ணில் பட்டன. திருகு அடங்கிக் கிடந்தது, சத்தம் இல்லை. கோடுகள் மட்டும் எழுந்தன, விழுந்தன. எதுவோ மெஷினுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. சின்னதாக ஒன்று. சின்னதாக ஒன்று. சின்னதாக ஒன்று. பிறகு ஒரு பெரியது. மறுபடி சின்னது, சின்னது, சின்னது, பெரியது. ஒரே சொல்லை யாரோ திரும்பத் திரும்ப ஆரம்பிப்பதுபோல.

எவ்வளவு நேரமாக?

நிறுத்து என்று அழுத்திய கணத்திலிருந்து.

ஸ்பீக்கர் திருகைப் பிடித்தார். வலப்பக்கம், ஒரு மயிரிழை.

“அ... அ... அ... அப்பா.”

இன்னும் கொஞ்சம்.

“அ... அ... அப்பா. இரு... இரு... இரு...”

அவர் முடித்துவைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக முடித்துவைக்காமல் காத்திருந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்து, கண்ணை மூடி, அந்தச் சொல் முழுவதும் வரட்டும் என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். சொல்லு கண்ணு. அவசரமில்ல. அப்பா இங்கதான் இருக்கேன்.

“இரு... இருட்டா இ... இ...”

தோள் வழியாக ஒரு கை நீண்டது. மெலிந்த, பத்து வயதுக் கை. கட்டைவிரலில் பேனா மையும் இருந்தது. காதோரம் சோப்பு வாடை, அவளுடைய அதே சோப்பு. மூச்சு மட்டும் படவில்லை.

கை திருகைப் பிடித்தது. இடப்பக்கம் திருகியது. மெதுவாக, பொறுமையாக, கடைசிவரை.

“யாரும் கத்தலையே டாக்டர்,” என்றது மைனாவின் குரல், ஓர் எழுத்துகூட இடறாமல். “அப்ப அது வேண்டாத சாமான்.”

உள்ளறையிலிருந்து மனைவி, “மைனா, அப்பாவுக்கும் ஒருக்கா சொல்லிக் காட்டு,” என்றாள்.

கை அவர் தோளிலேயே இருந்தது. கறுத்த திரையோரத்துப் பிரதிபலிப்பில், அவர் முகத்துக்குப் பின்னால், ஒரு சின்ன முகம் வாய் திறக்காமல் சிரித்தபடி ஒப்பிக்கத் தொடங்கியது. அதன் கீழே, சத்தமில்லாமல், பச்சைக் கோடுகள் எழுந்தன. சின்னது. சின்னது. சின்னது. பெரியது.